வெறும் தண்ணீரில் ஒரு பிரதி

1

முதலிலேயே குட்டை உடைத்துவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் அண்ணியின் வாயிலிருந்து தவறி விழுந்தது. அண்ணி ஒரு மரபணுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். அண்ணனுடைய சட்டைக் காலரை அழுத்தியபடி, நான் கேட்காமலேயே ஒரு நாள் சொன்னார்.

“தினமும் ஒரு டியூப்ல வெறும் தண்ணியை ஊத்தி, அதையும் சேத்து டெஸ்ட் பண்ணுவோம் தம்பி. அதுல ஒண்ணும் வரக்கூடாது. வந்துச்சுன்னா அன்னிக்குப் பண்ணின வேலை மொத்தமும் பாழ்.”

“ஒண்ணுமே இல்லாததை எதுக்கு அண்ணி டெஸ்ட் பண்ணணும்?”

“ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான்.”

அவர் அடுத்த சட்டைக்குப் போய்விட்டார். நான் அந்தத் தண்ணீரிலேயே நின்றுவிட்டேன். எப்போதாவது ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

“ஒரு தடவை வந்துச்சு. யாருதுன்னு பாத்தா, அன்னிக்கு வேலை செஞ்ச பொண்ணோடதே அது.”

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. எழுதி முடிக்கிற ஒவ்வொரு பகுதியையும் அண்ணியிடம் கொடுப்பேன், அவர் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பித் தருவார். கதை பிடித்ததா பிடிக்கவில்லையா என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். தகவல் தப்பாக இருந்தால் மட்டும் பென்சில் பாயும். அந்தக் கோடுகள் சிலவற்றை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: “நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரண்டு மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம்—”

(நிறுத்திவிட்டேன். ‘என்பதை நாம்’ வரை போன வாக்கியம் கொட்டாவியில்தான் முடியும்.)

இரண்டாம் தொடக்கம்: “அன்று காலை கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோது, பிரதி என்றால் என்ன என்று அவள் யோசித்தாள்.”

(யாரும் அப்படி யோசிப்பதில்லை. பல்லில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.)

மூன்றாவது தேறியது.

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘சொட்டு’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு சொட்டை ஐம்பதாகப் பங்கிட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு திரவத்தை எடுத்து, சுண்டுவிரல் நுனியளவு டியூபில் விடுவது அவள் வேலை. காலையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் நூறு டியூப். கை நடுங்காது, பேச்சு கிடையாது. கூடத்தில் மூன்று அறைகள். முதல் அறையில் கலவை, இரண்டாம் அறையில் நோயாளிகளின் மாதிரி, மூன்றாம் அறையில் பிரதியெடுக்கும் இயந்திரம். ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறத்தில் கோட்டு. மூன்றாம் அறைக்குள் போனவர் அன்றைக்கு முதல் அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. யாராவது மறந்துபோய்க் காலை வைத்தால் சொட்டு வாய் திறப்பாள். அவள் வாய் திறப்பது அதற்கு மட்டும்தான்.

“அங்க போயிட்டு இங்க எதுக்கு வர்றீங்க? உங்க சட்டையில இருக்கிற ஒரு துளி போதும், இங்க இருக்கிற எல்லாத்தையும் கெடுக்க.”

கையுறையோடு முகத்தைத் தொட்டவர்களை அவள் பார்க்கிற பார்வைக்கு, அவர்கள் கையுறையை மட்டுமல்ல, வேலையையே கழற்றிப் போட்டுவிட்டுப் போகலாமா என்று நினைப்பார்கள்.

(அண்ணியின் பென்சில்: “இவ்ளோ கறாரா யாரும் இருக்க மாட்டாங்க.” பக்கத்திலேயே, சின்னதாக: “நான் இருப்பேன்.”)

3

இனி தப்பிக்க முடியாத இடம். செல் தன் டி.என்.ஏ.வை எப்படிப் பிரதி எடுக்கிறது என்று சொல்லாமல் கதை நகராது. பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்டிருக்கும் நீளமான கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இழை நெடுக எழுத்துகள், மொத்தமே நான்கு வகை. ஓர் இழையில் என்ன எழுத்து இருக்கிறதோ, எதிர் இழையில் அதற்கென்று உள்ள ஜோடி எழுத்துதான் இருக்கும். செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் இந்தக் கயிறு ஜிப்பைத் திறப்பதுபோல் திறந்துகொள்கிறது. தனித்து நிற்கும் ஒவ்வொரு பழைய இழைக்கும் எதிரில், ஜோடி எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் புது இழை ஒன்று வளர்கிறது. முடிவில் இரண்டு கயிறுகள், இரண்டிலும் ஓர் இழை பழசு, ஓர் இழை புதுசு. ஆக, இது மூலம், அது நகல் என்று யாரும் கைகாட்ட முடியாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை.

வேடிக்கை இனிமேல்தான். எழுத்துகளைக் கோக்கிற நொதிக்கு, அதாவது என்சைமுக்கு, ஒரு திசையில்தான் ஓடத் தெரியும். பழைய இழைகளோ ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருப்பவை. அதனால் ஒரு பக்கம் நேராக, ஒரே ஓட்டமாகப் பிரதியாகிவிடுகிறது. மறுபக்கம், கொஞ்சம் திறந்ததும் பின்னோக்கி ஒரு துண்டு, இன்னும் கொஞ்சம் திறந்ததும் பின்னோக்கி இன்னொரு துண்டு என்று துண்டு துண்டாகத் தயாராகி, பிறகு எல்லாம் சேர்த்து ஒட்டப்படுகிறது. ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும் என்று அண்ணியிடம் கேட்டேன்.

“நீ மட்டும் என்னவாம்? கடைசிப் பக்கத்தை முதல்ல எழுதிட்டு அப்புறம் முன்னாடி போய் ஒட்டறே” என்றார். என் மேஜையை எப்போது பார்த்தாரோ தெரியாது.

அம்மா வழியில் வந்தது முந்நூறு கோடி எழுத்து, அப்பா வழியில் வந்தது முந்நூறு கோடி. அத்தனையையும் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே சமயத்தில் தொடங்கி, ஏழெட்டு மணி நேரத்தில் ஒரு செல் முடித்துவிடுகிறது. எனக்கு இந்தக் கதைக்கு நான்கு மாதம் ஆனது.

தப்பு வராதா? வரும். கோக்கிற நொதி லட்சத்துக்கு ஓர் எழுத்தையாவது மாற்றிப் போட்டுவிடும். போட்டதும் ஏதோ இடிக்கிறதே என்று ஓர் அடி பின்வாங்கி, அதைக் கழற்றிவிட்டுச் சரியானதைப் போடும். அதன் கண்ணுக்கும் தப்பியதைப் பிடிக்கப் பின்னாலேயே வேறொரு கூட்டம் வரும். இந்தக் கூட்டத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. ஜோடி சேராத இரண்டு எழுத்துகளில் எதை மாற்றுவது? புது இழையில் உள்ளதைத்தான் மாற்ற வேண்டும். புது இழை எது? துண்டுகளின் ஒட்டு இன்னும் முழுதாக மூடாத இழை. எல்லா ஒட்டும் மூடிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பிறகு எது பழசு என்று கேட்க ஆள் இல்லை. அதனால் அவசர அவசரமாகப் பார்த்து முடிக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுகிற பிழை, நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்கிற கணக்கு.

(இங்கே எனக்கே ஒரு சங்கடம். கதையை நான் கையால் எழுதி, கையாலேயே பிரதி எடுப்பவன். ஒரு பிரதியில் சொட்டுவின் அக்கா வங்கியில் வேலை பார்க்கிறாள். இன்னொன்றில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறாள். எது முதலில் எழுதியது என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டிலும் மை காய்ந்துவிட்டது. காரை வைத்துக்கொண்டேன்.)

இத்தனை காவல் இருந்தும், இவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: புதுசு பழசோடு ஒத்துப்போகிறதா? பழசிலேயே பிழை இருந்தால் அது இவர்களுக்குப் பிழையாகவே தெரியாது. கண்ணும் கருத்துமாக, ஒரு புள்ளி மாறாமல் பிரதி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சொட்டுவின் அம்மாவிடம் அப்படி ஒரு பிழை இருந்தது.

4

அம்மா நாற்பத்தாறு வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்தாள். அக்காவுக்கு முப்பத்து நான்கில் வந்தது. அறுவை சிகிச்சை நடந்து, மருந்து ஏற்றி, முடி கொட்டி, முடி முளைத்து, அக்கா மறுபடி வேலைக்குப் போய்விட்டாள். அப்போது அவளுக்கு எடுத்த பரிசோதனையில்தான் அந்த ஒற்றை எழுத்துப் பிழை தெரிந்தது. அது இருந்தால் நோய் வந்தே தீரும் என்றில்லை, ஆனால் வருகிற வாய்ப்பு பல மடங்கு அதிகம். அம்மாவிடம் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் இருந்தன, ஒன்று நல்லது, ஒன்று பிழையுள்ளது. பிள்ளைக்கு அதில் ஏதாவது ஒன்றுதான் போகும். அக்காவுக்குப் பிழை போயிற்று. சொட்டுவுக்குப் போனது எது?

யாருக்கும் தெரியாது. அவள் பார்த்துக்கொள்ளவில்லை.

பார்ப்பதற்கு அவளை விட வசதியான ஆள் ஊரில் கிடையாது. அதே மரபணுவை, அதே துண்டை, ஊரார் எல்லோருக்கும் தினமும் படித்துச் சொல்கிறவள். அக்காவின் அறிக்கையில் இருந்த அந்த எழுத்தின் எண் அவளுக்குத் தன் போன் நம்பரை விட நன்றாகத் தெரியும். ஐந்து வருடமாக அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“நீயும் பாத்துடேன்டி. இருந்துச்சுன்னா முன்னாடியே பாத்துக்கலாம்.”

“பாக்கறேன்கா.”

“எப்ப?”

“பாக்கறேன்.”

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. தெரிந்துகொள்ளலாம், தெரிந்தால் நல்லது, இவளுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். பிறகு என்ன தடை? “அவளுக்குப் பயம்” என்று எழுதி அடுத்த பத்திக்குத் தாவினேன். அண்ணி அந்த இரண்டு வார்த்தையின் கீழ் கோடு போட்டு, “எதுக்குப் பயம்?” என்று எழுதியிருந்தார். என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமலேயே கதையைத் தொடர்ந்தேன். செய்யக்கூடாததுதான், ஆனாலும் தொடர்ந்தேன்.

5

விபத்து. இதை இரண்டு முறை எழுதினேன்.

முதல் முறை: அன்று காலை அக்காவிடமிருந்து போனில் குரல்செய்தி. டாக்டர் சொல்லிவிட்டார், ஐந்து வருடம் முடிந்தது, இனி வருடத்துக்கு ஒரு தரம் வந்தால் போதும். சொட்டு உடை மாற்றும் இடத்தில் நின்று அதை இரண்டு தடவை கேட்டாள். பிறகு கோட்டும் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு முதல் அறைக்குப் போனாள். தண்ணீர் டியூபைத் திறக்கும்போது கண் நிறைந்தது. கையுறை விரலால் கண்ணீரைத் துடைத்தாள். அந்த விரலோடு—

அண்ணியின் பென்சில் இங்கே பேப்பரையே கிழித்திருந்தது. “கண்ணீர்லாம் எதுக்கு? மூக்கைச் சொறிஞ்சாலே போதும்.”

ஆக, மூக்கு.

அக்காவின் செய்தியைக் கேட்ட சந்தோஷத்தில் சொட்டுவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. முகக்கவசத்துக்குள் இருக்கும் சிரிப்பு யாருக்கும் தெரியாது, ஆனால் அது கவசத்தை மேலே தள்ளி மூக்கில் உறுத்தும். உறுத்தியது. அவள் கை தானாகப் போய்ச் சொறிந்துவிட்டு வந்தது. எத்தனை பேரை எரித்துவிடுவதுபோல் பார்த்தவள்! அன்று தன் கை போனதையும் வந்ததையும் அவள் கவனிக்கவே இல்லை. அந்த விரலில் ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத தோல் துணுக்கு ஒன்றிரண்டு, தண்ணீர் டியூபின் வாயில் விழுந்தது.

பிறகு டியூபெல்லாம் மூன்றாம் அறைக்குப் போயின. அங்கே இருக்கும் இயந்திரம் ஷூ பெட்டி அளவுதான். செல் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது, ஆனால் முரட்டுத்தனமாக. சூடாக்கி இழைகளைப் பிரிக்கும், ஆறவைத்துப் புது இழை வளரவிடும், மறுபடி சூடாக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இருப்பது இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்று முடிந்தால் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். யாருடைய டி.என்.ஏ. என்று அது கேட்பதில்லை. நோயாளியுடையதா, மூக்கில் இருந்து வந்ததா என்று அதற்கு என்ன கவலை?

6

மதியம் திரையில் பார்த்தபோது, தண்ணீர் டியூபுக்கான இடத்தில் மங்கலாக ஒரு கோடு இருந்தது. கோடு இருந்தால் அங்கே டி.என்.ஏ. இருக்கிறது என்று அர்த்தம்.

சொட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கோடு போகவில்லை. கூடத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த மேடத்திடம் போய்ச் சொன்னாள். மேடம் குரலை உயர்த்தவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

“எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுத் திரும்ப முதல்லேர்ந்து பண்ணு. தண்ணில வந்தது யாருதுன்னு படிச்சுடு. தெரியலன்னா நாளைக்கும் வரும்.”

யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு டியூபிலும் நோய்க்கான துண்டோடு, ஆளை அடையாளம் காட்டும் வேறு சில துண்டுகளும் சேர்ந்தே பிரதியாகும், மாதிரிகள் மாறிப்போனால் கண்டுபிடிக்க. ஊழியர்கள் எல்லோருடைய அடையாளத் துண்டுகளும் ஏற்கெனவே ஒரு பட்டியலில் இருந்தன. மறுநாள் காலை முடிவு வந்தது. பட்டியலோடு ஒப்பிட்டவர் மேடம்தான்.

“உன்னுதுதான்” என்றார். “நீயா இப்படி?”

சொட்டுவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பத்து வருடம் சேர்த்த பெயர், ஒரு மூக்கில் போயிற்று. ஆனால் தன் இருக்கைக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் உண்மையான இடி இறங்கியது. அந்தக் கோப்பில் அடையாளத் துண்டுகள் மேல்பாதி. கீழ்பாதியில் நோய்க்கான துண்டு. அவளுடைய துண்டு. ஐந்து வருடமாக அவள் பார்க்காமல் வைத்திருந்த எழுத்து, சுட்டியை இரண்டு அங்குலம் கீழே இழுத்தால் தெரிகிற தூரத்தில் இருந்தது.

7

இங்கே நான் இரண்டு முடிவுகளை எழுதினேன்.

முடிவு ஒன்று. இழுத்துப் பார்த்தாள். பிழை இருந்தது. (கெட்ட செய்தி எழுதும்போது பேனா தானாக ஓடுகிறது. ஒன்றரைப் பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. படித்துப் பார்த்தேன். எங்கேயோ படித்ததுபோலவே இருந்தது. கை கழுவிவிட்டேன்.)

முடிவு இரண்டு. இழுத்துப் பார்த்தாள். எழுத்து சரியாக இருந்தது. பிழை இல்லை. அவள் நடைவழியில் ஓடினாள், அக்காவுக்குப் போன் செய்தாள், இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள்.

இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஒரு கவனக்குறைவு நல்ல செய்தியைக் கொண்டுவருகிறது, கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? அண்ணியிடம் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் படித்தார். பென்சிலை எடுத்தார். பக்கத்தின் குறுக்கே ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: “செல்லாது.”

“ஏன் அண்ணி? நல்ல எழுத்து வரலாம்தானே?”

“வரலாம். வந்தா அதுக்கு அர்த்தம் கிடையாது.”

“புரியல.”

“தம்பி, ஒரு ஆளுக்கு ரெண்டு பிரதி. அம்மாவோடது ஒண்ணு, அப்பாவோடது ஒண்ணு. ரத்தத்துல எடுத்தா லட்சக்கணக்குல செல் இருக்கும், ரெண்டுமே கெடைக்கும். இங்க விழுந்தது என்ன? ஒண்ணு ரெண்டு துணுக்கு. காஞ்ச தோலு, பாதி சிதைஞ்சது. ரெண்டு பிரதியில ஒண்ணு மட்டும் மெஷின்ல மாட்டியிருக்கும், இன்னொண்ணு மாட்டாமலே போயிருக்கும். நீ பாக்கற நல்ல எழுத்து அப்பாவோடதா இருந்தா? அம்மாவோடது வரவே இல்லன்னா?”

“அப்ப கெட்ட எழுத்து வந்திருந்தா?”

“அது வந்தா வந்ததுதான். இருக்குன்னு சொல்லிடலாம். இல்லன்னுதான் சொல்ல முடியாது.”

யோசித்துப் பாருங்கள். அந்தத் தண்ணீருக்குக் கெட்ட செய்தி சொல்ல மட்டும்தான் வாய் இருக்கிறது. நல்ல செய்தி தற்செயலாக வந்து மடியில் விழாது. அது வேண்டுமென்றால் போய்க் கையை நீட்டிக் கேட்டால்தான் உண்டு.

சட்டென்று ஒரு சந்தேகம் வந்து, “அண்ணி, இது உங்க கதையா?” என்று கேட்டேன்.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எனக்கு அக்காவே கிடையாதுடா. மூணு தடிமாடு அண்ணனுங்க. கதை எழுதறவனுக்குக் கல்யாணத்துல யாரு யாரு வந்தாங்கன்னுகூட ஞாபகம் இல்ல.”

8

ஆகவே அண்ணி அடித்த பக்கத்தை வீசாமல், அதன் மேலேயே எழுதினேன்.

சொட்டு சுட்டியைக் கீழே இழுத்தாள். அந்த எண்ணுக்கு வந்து நின்றாள். எழுத்து சரியாக இருந்தது. பிழை இல்லை.

அவள் ஓடவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வாசலில் ஆள் வருகிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது வேறு. அக்காவின் முகம் வந்தது, மருந்து ஏற்றிய நாட்களில் புருவம்கூட இல்லாமல் இருந்த முகம். ஒரே அம்மா, ஒரே வீடு, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பேர். அவளுக்கு மட்டும் ஏன்? எனக்கு இல்லை என்று அந்த முகத்திடம் எப்படிப் போய்ச் சொல்வது? நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, தோற்றுப்போன பிள்ளையின் வீட்டுக்கு இனிப்பு எடுத்துக்கொண்டு போகிற மாதிரியா?

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது. ஐந்து வருடமாக அவள் பயந்தது பிழை இருந்துவிடும் என்று மட்டுமல்ல. இல்லாமல் போய்விடும் என்று அதைவிட அதிகமாகப் பயந்திருக்கிறாள்.

பதினோரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு தொழில் புத்தி விழித்துக்கொண்டது. சுட்டியை மேலே தள்ளி, அடையாளத் துண்டுகளைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு விதமான எழுத்து வரவேண்டிய இரண்டு இடங்களிலும், ஒரு விதம் மட்டுமே வந்திருந்தது. அங்கே ஒரு பிரதி விடுபட்டிருக்கிறது. அப்படியென்றால் கீழேயும் விடுபட்டிருக்கலாம். பார்த்ததற்குப் பொருளே இல்லை. மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிட்டாள், பாதிக்குப் பாதி. ஒரே ஒரு வித்தியாசம், இப்போது அவளுக்குத் தன்னைப் பற்றி ஒன்று தெரிந்துபோயிற்று. அதை எந்த இயந்திரமும் படித்துச் சொல்லவில்லை.

9

மறுநாள் மாலை அக்காவைப் பார்க்கப் போனாள். வீட்டுக்கு அல்ல, அக்கா கற்றுக்கொடுக்கும் காருக்கு. அந்தக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு, அக்காவின் பிரேக். அன்று வரவேண்டியவர் வரவில்லை. பள்ளிக்கூட மைதானத்தின் ஓரமாகக் கார் நின்றிருந்தது. சொட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னாள், மூக்கு உட்பட.

அக்கா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஊரையெல்லாம் வெரட்டினியே, நல்லா வேணும்!” அப்புறம், “சரி, எழுத்து நல்லா இருந்துச்சா இல்லையா?” என்றாள்.

“ஒரு பிரதி நல்லா இருந்துச்சு. இன்னொண்ணு வந்ததான்னே தெரியல. அது ரிசல்ட்டே இல்லக்கா.”

“அப்ப ஒழுங்கா ரத்தம் குடுத்துப் பாத்துடு.”

“வேண்டாம்.”

“இன்னும் என்னடி பயம்? இருந்துடும்னா?”

சொட்டு எதிரே மைதானத்தைப் பார்த்தாள். “இல்லாம போயிடும்னு.”

அக்கா திரும்பினாள். “என்னது?”

“உனக்கு வந்து எனக்கு இல்லன்னா... உன் மூஞ்சிய எப்படிக்கா பாப்பேன்?”

அக்கா பிரேக்கை மிதித்தாள். நின்றுகொண்டிருந்த காரில், ஓங்கி.

“லூசாடி நீ? அஞ்சு வருஷமா இதுக்கா சாக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே? அம்மா படுத்திருந்தப்போ நான் இருந்தேன். நான் படுத்திருந்தப்போ நீ இருந்தே. உனக்கும் வந்துடுச்சுன்னா நான் இருப்பேன், அது வேற. ஆனா நீ தப்பிச்சேன்னா எனக்கு என்ன நஷ்டம்? ஆஸ்பத்திரிக்குப் போக எனக்குத் துணை வேணும்டி. ஜோடி வேண்டாம்.”

சொட்டு ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஹாரன் அலறியது. மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “தலைய எடு, தலைய எடு” என்று அக்கா அவளை இழுத்தாள். இரண்டு பேருக்கும் கன்னம் நனைந்திருந்தது.

(இந்தப் பக்கத்தில் பென்சில் படவில்லை. கண்ணீர் வேண்டாம் என்று சொன்னவரும் அண்ணிதான்.)

10

இனி சுருக்கமாக. சொந்தக் கூடத்தில் சொந்த ரத்தத்தைப் பார்க்கக்கூடாது. வேறொரு மருத்துவமனையில் கொடுத்தாள். ரத்தம் எடுத்த பெண், “கை நடுங்குது பாருங்க, தளர விடுங்க” என்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்று வாரம் என்றார்கள். அந்த மூன்று வாரமும் சொட்டு ஒழுங்காக வேலைக்குப் போனாள், ஊராருடைய எழுத்துகளையெல்லாம் படித்தாள். முதல் நாள் ஓர் இளைஞன் இரண்டாம் அறைக் கோட்டோடு முதல் அறைக்குள் நுழைந்துவிட்டான். அவள் திட்டவில்லை. எல்லோரும் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டார்கள்.

இப்போது அந்த நாள். நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் கைகழுவும் முறையைப் படிப்படியாகச் சொல்லும் படம். மரபணு ஆலோசகரின் கதவு மூடியிருக்கிறது. உள்ளே மேஜையில் ஒரு காகிதம். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும், அது எனக்குப் புரிகிறது.

எனக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் பிரச்சினை. கதையில் ஒரு சௌகரியம் உண்டு, நான் எழுதுகிற வரை அந்தக் காகிதத்தில் எதுவும் இல்லை. நான்கு மாதம் இவளோடு இருந்துவிட்டேன். நல்லது எழுதினால் எனக்காக எழுதினதாகிவிடும். கெட்டது எழுதினால், கதை கனமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் உடம்பில் பிழையை வைத்தவனாகிவிடுவேன். அவள் அம்மா அறியாமல் கொடுத்ததை, நான் அறிந்தே கொடுக்க வேண்டும். மாட்டேன். அண்ணியிடம் கேட்டேன், அந்த நிஜப் பெண் பிறகு பரிசோதித்துக்கொண்டாளா, என்ன வந்தது என்று.

“அவ சொல்லல. நான் கேக்கல” என்றார் அண்ணி. “எல்லாத்தையும் கேக்கணுமா என்ன?”

ஆகவே காகிதத்தை உங்களிடம் கொடுக்கிறேன். வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள்.

கதவு திறக்கிறது. ஆலோசகர் தலையை நீட்டி, எண்ணைச் சொல்கிறார். இரண்டு பேர் எழுந்திருக்கிறார்கள். “ஒருத்தர் மட்டும் வந்தா போதும், யாரோட ரிசல்ட்டு?” என்கிறார். சொட்டு பதில் சொல்ல வாயெடுக்கிறாள். அதற்குள் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்களுது” என்கிறாள்.

இனி உங்கள் கை. உள்ளே என்ன எழுதினாலும் சரி. அக்காவை மட்டும் வெளியே உட்காரவைத்துவிடாதீர்கள்.